கொடைக்கானலும் ஒரு டேட்டாபேஸ் பஞ்சாயத்தும்

டிஸ்கி: தலைப்புல கொடைக்கானலைப் பார்த்துட்டு ஏரி, பனிமூட்டம், பில்லர் ராக்ஸ் படம்னு நம்பி உள்ள வந்தவங்க மன்னிச்சுக்கணும். இது பொட்டி தட்டுறவன், பொட்டி தட்டுறவங்களுக்காக எழுதுற மொக்கை. ஆனா கொடைக்கானல் நிஜமாவே உள்ள இருக்கு, ஏமாத்தலை :-)

விஷயம் இதுதான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வீட்டுலயே ரெண்டு ரூம், மூணு ரூம் விருந்தாளிகளுக்கு விடுற எட்டு குடும்பங்க இருக்காங்க. எந்த வீட்டுல, எந்தத் தேதிக்கு, எந்த ரூம் காலின்னு எட்டு பேருக்கும் ஒரே இடத்துல தெரியணும்ங்கறது அவங்க ஆசை. இதுவரைக்கும் இது ஒரு வாட்ஸப் குரூப்புல ஓடிட்டு இருந்துச்சு. "சனிக்கிழமை ரூம் இருக்கா"ன்னு ஒருத்தர் கேட்பாரு. நாலு பேரு கட்டைவிரல் போடுவாங்க. அந்தக் கட்டைவிரல் 'இருக்கு'ங்கறதுக்கா, 'படிச்சுட்டேன்'ங்கறதுக்கா, யாருக்கும் தெரியாது. என் சித்தி பையன் மூணாவது வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறான். நான் ஆப் எழுதித் தர்றேன்னு அவங்ககிட்ட ஏத்துக்கிட்டு, அன்னிக்கு ராத்திரியே எனக்கு போன் போட்டான்.

"அண்ணே, ஃபயர்பேஸ் போடட்டுமா, இல்ல நியான் மாதிரி சர்வர்லெஸ் போஸ்ட்கிரஸ் போடட்டுமா? யூட்யூப்ல ரெண்டையும் சூப்பர்னு சொல்றாங்கண்ணே."

இந்தக் கேள்வி எங்க ஆபீஸ்லயும் அடிக்கடி வரும். வந்த அஞ்சாவது நிமிஷம் ரெண்டு கட்சியா பிரிஞ்சு ரஜினி - கமல் ரேஞ்சுக்கு அடிச்சுக்குவாங்க. நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன். போஸ்ட்கிரஸ் கட்சி. ரியல்டைம் வேணும்னா ஓரமா ஒட்டிக்கலாம். ஏன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளப் பதிவு. ஆணி அதிகம் இருக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

துறைக்கு வெளியில இருக்கற நண்பர்களுக்காக ரெண்டு வரி. ரியல்டைம் பேக்எண்ட்னா, ஒரு போன்ல மாத்தினது மத்த எல்லா போன்லயும் கேட்காமலே தானா மாறிடும். நடுவுல ஒரு கம்பி எப்பவும் திறந்தே இருக்கும். சர்வர்லெஸ் டேட்டாபேஸ்னா, ஆள் வந்தா மட்டும் அடுப்பு பத்த வைக்கிற டீக்கடை. கேட்டா முழிச்சுக்கும், யாரும் இல்லேன்னா தூங்கிடும். முழிச்ச நேரத்துக்குத்தான் காசு.

ரெண்டுக்கும் பிறவிக்குணம் ஒண்ணு இருக்கு. ஃபயர்பேஸை 2011-ல ஆரம்பிச்சது ஜேம்ஸ் டாம்ப்ளின், ஆண்ட்ரூ லீன்னு ரெண்டு பேர். அதுக்கு முன்னாடி அவங்க நடத்திட்டு இருந்தது என்வால்வ்னு ஒரு சாட் சேவை. யாரோட வெப்சைட்டுலயும் சாட் பெட்டி வெச்சுக்கலாம். சில பேரு அந்தப் பெட்டியில அரட்டை அடிக்காம, தங்களோட அப்ளிகேஷன் டேட்டாவையே இங்கிருந்து அங்க கடத்த ஆரம்பிச்சாங்களாம். அதைப் பார்த்துட்டுத்தான் அந்தக் குழாயை மட்டும் தனியாப் பிரிச்சு ஃபயர்பேஸ் ஆக்கினாங்க. 2014-ல கூகுள் வாங்கிருச்சு. 2017-ல ஃபயர்ஸ்டோர்னு இன்னொரு டேட்டாபேஸும் அதே கூரைக்குள்ள வந்துச்சு. ஆக, மூலம் அரட்டை. அரட்டையில ஒரு சௌகரியம் என்னன்னா, நான் போடுற மெசேஜும் நீங்க போடுற மெசேஜும் மோதிக்கவே மோதிக்காது. அடுத்தடுத்து ரெண்டு வரி, அவ்ளோதான். கடைசி மெசேஜுக்கு யாரும் அடிச்சுக்கறதில்ல.

கடைசி ரூமுக்கு அடிச்சுக்குவாங்க.

மே மாசத்து சனிக்கிழமையை நினைச்சுப் பாருங்க. ராத்திரி பத்து மணி. மதுரையில இருந்து ஒரு குடும்பம், வயசான அம்மா, தூங்கி விழற குழந்தை. பூம்பாறையில ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு உறுதி சொன்ன ரூம்ல ஏற்கனவே வேற ஆள் இருக்கு. திரும்ப டவுனுக்கு இருபது கிலோமீட்டர் மலை ரோடு. டவுன்ல சீசன் சனிக்கிழமை ரூம் கிடைச்சா அது அதிசயம். முதல்லயே ரூம் இல்லேன்னு சொல்லிட்டா வருத்தப்பட்டு வேற ஏற்பாடு பண்ணிக்குவாங்க. இருக்குன்னு சொல்லி வரவெச்சுட்டு வாசல்ல கைவிரிச்சா, அந்த வீட்டுக்காரங்களுக்கு ஊர்ல பேரு என்ன ஆகும்? ஆப் எழுதுறவன் காலேஜ் முடிச்சுட்டு பெங்களூர் போயிடுவான். அவங்க அதே வாசல்ல இருக்கணும்.

இந்த 'கடைசி சீட்டு' சமாச்சாரத்துக்கு எங்க ஊர்லயே ஊரறிஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. இ-பாஸ். 2024 ஏப்ரல் கடைசியில, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டு வரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. மே 7-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அப்போ எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. விவரம் கொடுத்தா பாஸ் கையில. அப்புறம் 2025 மார்ச்ல நீதிமன்றம் வரம்பும் வெச்சுது. ஏப்ரல் 1-ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, வார இறுதியில 6000. நீலகிரிக்கு 6000, 8000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அத்தியாவசிய சரக்கு வண்டிக்கும் விலக்கு. வரம்பு சரியா தப்பான்னு வியாபாரிகளுக்கு ஒரு பக்கம், ஏழு ரோடு நெரிசல்ல மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு ஒரு பக்கம். அது தனிப்பதிவுக்கான சமாச்சாரம், இப்ப வேணாம்.

பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு அந்த ரெண்டு வருஷத்துல நடந்தது வேற. 2024-ல இ-பாஸ்ங்கறது ஒரு பதிவேடு. யார் வேணா ஒரு வரி எழுதலாம், என் வரியால உங்க வரிக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அதாவது அரட்டை மாதிரி. எந்த டேட்டாபேஸ் போட்டாலும் ஓடும், எக்செல் ஷீட்டே கொஞ்ச நேரம் தாங்கும். 2025-ல வரம்பு வந்த அன்னிக்கே அது ஒரு சீட்டு ஆயிருச்சு. 5,999 கொடுத்தாச்சு. அந்த நொடியில தேனியில ஒருத்தர் பட்டனை அமுக்குறாரு, கொச்சியில ஒருத்தர் அமுக்குறாரு. ரெண்டு பேருக்கும் கொடுத்தா கோர்ட் உத்தரவு மீறல். யாருக்குன்னு எங்கயோ ஒரே இடத்துல முடிவாகணும். (அரசாங்கம் பின்னாடி எதை வெச்சு ஓட்டுதுங்கறது இங்க பேச்சே இல்ல. இதே கணக்கு என் கையில வந்தா நான் எப்படிப் போடுவேன்ங்கறதுதான் பேச்சு.)

கணக்கு போட்டுப் பார்த்தா வேகம் ஒரு பிரச்சினையே இல்ல. ஒரு நாளைக்கு 86,400 நொடி. 6000 பாஸ்னா சராசரியா 14 நொடிக்கு ஒண்ணு. சரி, தட்கல் டிக்கெட் மாதிரி எல்லாரும் முதல் பத்து நிமிஷத்துலயே விழுந்தடிச்சு எடுத்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். அப்பவும் நொடிக்கு 10. சாதாரண வாடகை மெஷின்ல ஓடுற போஸ்ட்கிரஸ்ஸுக்கு இது கொட்டாவி விடுற வேலை. 'கொடுத்தது வரம்பை விடக் கம்மியா இருந்தா மட்டும் ஒண்ணு கூட்டு'ன்னு ஒரே ஒரு அப்டேட் வரி. ஒரு வரி மாறுச்சுன்னு பதில் வந்தா பாஸ். பூஜ்யம் வரி மாறுச்சுன்னா ஸாரி சார், நாளைக்கு வாங்க.

இதையே ஃபயர்ஸ்டோர்ல ஒரு டாக்குமெண்ட்ல 'எண்ணிக்கை'ன்னு வெச்சு செஞ்சா? ஒரே டாக்குமெண்ட்டை தொடர்ந்து நொடிக்கு ஒரு தடவைக்கு மேல எழுதாதீங்கன்னு அவங்களே முன்னாடி அறிவுரை சொல்லியிருந்தாங்க. நமக்குத் தேவை நொடிக்கு 10. அதுக்கு அவங்க சொல்ற வைத்தியம், எண்ணிக்கையைப் பத்து துண்டாப் பிரிச்சு ஏதோ ஒரு துண்டுல கூட்டிக்கோ, மொத்தம் வேணும்னா பத்தையும் கூட்டிப் பாத்துக்கோங்கறது. லைக் எண்ணுறதுக்கு அட்டகாசமான வைத்தியம். 6000-ல நிக்கணும்னா சரிப்படாது. பத்தையும் படிச்சுட்டுத்தான் ஒண்ணுல கூட்டணும்னு வெச்சா பழைய நெரிசல் திரும்ப வந்துரும். துண்டுக்கு 600-னு பிரிச்சுக் கொடுத்தா, மூணாவது துண்டு காலியாகி ஒருத்தருக்கு 'இல்ல'ன்னு சொல்லுவோம், ஏழாவது துண்டுல நாப்பது பாஸ் சும்மா கிடக்கும். பழைய ரியல்டைம் டேட்டாபேஸ்ல டிரான்ஸாக்ஷன் இருக்குன்னு சில பேர் சொல்வீங்க. இருக்கு. நடுவுல எவனாச்சும் மாத்தியிருந்தா திரும்ப முதல்ல இருந்து முயற்சி பண்ணும் ரகம் அது. கூட்டம் கூடக் கூட திரும்பத் திரும்ப.

சித்தி பையனோட ஆப்புக்கு நொடிக்குப் பத்து எல்லாம் வராது. எட்டு வீடு, இருபது சொச்சம் ரூம். அங்க பிரச்சினை தேதி. ஒருத்தர் வெள்ளியில இருந்து ஞாயிறு வரை கேக்குறாரு, இன்னொருத்தர் சனியில இருந்து திங்கள் வரை. ரெண்டும் சனிக்கிழமை ராத்திரி மோதுது. போஸ்ட்கிரஸ்ல இதுக்குன்னே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்னு ஒண்ணு இருக்கு. 2010-ல 9.0-வுல வந்தது. 2012-ல 9.2-வுல தேதி இடைவெளியை ஒரே காலமா வெச்சுக்குற ரேஞ்ச் டைப்பும் வந்துச்சு. ரெண்டையும் சேர்த்து, 'ஒரே ரூமா இருந்து தேதிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா உள்ள விடாதே'ன்னு டேபிள்லயே எழுதி வெச்சிடலாம். காலி பண்ற நாளும் அடுத்தவர் வர்ற நாளும் ஒண்ணா இருந்தா மோதல் கிடையாதுங்கற நுணுக்கம் வரைக்கும் அது பாத்துக்கும். ஆப்ல பக் இருந்தாலும் சரி, நாளைக்கு இன்னொரு பையன் வந்து வேற ஆப் எழுதினாலும் சரி, சனிக்கிழமை ராத்திரி அந்த ரூம் ரெண்டு பேருக்குப் போகாது. எனக்கு இதுல இருக்குற நிம்மதி வேற எதுலயும் இல்ல.

நியாயமாப் பேசணும்னா ஃபயர்பேஸ்லயும் முடியும். ரூமும் தேதியும் சேர்ந்த பேர்ல ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு டாக்குமெண்ட். 'புதுசா உண்டாக்கலாம், இருக்குறதை மாத்தக்கூடாது'ன்னு செக்யூரிட்டி ரூல். மூணு ராத்திரின்னா மூணையும் ஒரே பேட்ச்ல எழுது. எல்லாம் சேர்ந்து போகும், இல்ல எதுவும் போகாது. நல்லா யோசிச்சு எழுதினா ஓடும். ஆனா அந்த 'நல்லா யோசிச்சு' யார் தலையில விழுதுங்கறதுதான் என் கேள்வி. மூணாவது வருஷப் பையன் தலையில. இரண்டாவது செமஸ்டர் டூர் பாத்தவன் ரூல்ஸ் மொழியில சூரப்புலியா இருப்பான்னு எதிர்பார்க்க முடியாது. நானும் அப்படித்தான் :-)

இங்கதான் சித்தி பையன் ஒரு நல்ல அடி அடிச்சான். "அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா இங்க சிக்னல் நிக்காதே. மழை வந்து கரண்ட் போச்சுன்னா டவரும் போயிரும். ஃபயர்பேஸ்னா ஆஃப்லைன்ல ஓடும்ல?"

மலைக்காரனுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி முதல்ல தோணும். வத்தலகுண்டு தாண்டி ஏற ஆரம்பிச்சா போன் கோபுரம் கோபுரமா தாவிக்கிட்டே வரும், சில வளைவுல ஒண்ணுமே இருக்காது. பூம்பாறை தாண்டி கவுஞ்சி, கூக்கால் பக்கம் போனா சிக்னலுக்காக மேடு ஏறுற ஜனங்க உண்டு. ஃபயர்பேஸ் நிஜமாவே இதுல கெட்டிக்காரன். கடைசியாப் பாத்த டேட்டாவை போன்லயே வெச்சிருக்கும், எழுதினதை வரிசையில வெச்சிருந்து சிக்னல் வந்ததும் அனுப்பிடும்.

சரி, என்ன அனுப்புது? ஃபயர்ஸ்டோர்ல டிரான்ஸாக்ஷன் ஆஃப்லைன்ல ஓடாது, தோத்துரும். சாதாரணமா எழுதுறது வரிசையில நிக்கும். ரெண்டு போன் சிக்னல் இல்லாம ஒரே ரூமைப் பதிஞ்சா, கடைசியா வந்து சேர்ந்தது ஜெயிக்கும். முதல் ஆளோட பதிவு சத்தமில்லாம மறைஞ்சு போகும். 'மாத்தக்கூடாது'ன்னு ரூல் போட்டிருந்தா ரெண்டாவது ஆளோடது திருப்பி அனுப்பப்படும், அரை மணி நேரம் கழிச்சு. அதுக்குள்ள வீட்டுக்கார அக்கா ஸ்கிரீன்ல பச்சை டிக் பாத்துட்டு, "வாங்க சார், ரூம் உங்களுக்குத்தான்"னு சொல்லி முடிச்சிருப்பாங்க. அந்த பச்சை டிக் அவங்க போனுக்குள்ள மட்டும்தான் உண்மை.

ஆஃப்லைன்ல பார்க்கறது வேற, ஆஃப்லைன்ல முடிவெடுக்கறது வேற. முதலாவதை எந்த பிளாட்ஃபார்மும் தரும், போன்ல ஒரு சின்ன காப்பி வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. ரெண்டாவதை யாராலயும் தர முடியாது. கூகுளாலயும் முடியாது. கம்பி அறுந்த ரெண்டு பேர் ஒரே ரூமைப் பத்தி ஒரே முடிவுக்கு வர வழியே இல்ல.

மனுஷங்க இதை கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தீர்த்து வெச்சிருக்காங்க. ரிசர்வேஷன் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தி ரயில்வே என்ன பண்ணுச்சு? ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இத்தனை பெர்த்னு கோட்டா பிரிச்சுக் கொடுத்துச்சு. அந்தக் கோட்டாவுக்குள்ள யாரையும் கேக்காம டிக்கெட் கொடுக்கலாம். (சித்த முன்னாடி இ-பாஸுக்குத் துண்டு போடுறதை நக்கல் பண்ணிட்டு இப்ப நீயே துண்டு போடுறியான்னு கேப்பீங்க. பாஸ் கேக்குறவங்க எல்லாரும் ஆன்லைன்ல இருக்காங்க, அங்க துண்டு தேவையில்லாத வேலை. இங்க வேற வழியில்ல.) ஆக ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ரூம் வீட்டுக்காரங்க கோட்டா. நேர்ல வர்றவங்களுக்கு, போன்ல பேசுற பழைய ஆளுங்களுக்கு, சிக்னல் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க இஷ்டம். ஆப் அதைத் தொடாது. மிச்ச ரூமுக்கு சர்வர் 'சரி'ன்னு சொன்னாத்தான் சரி. சொல்ற வரைக்கும் டிக் கிடையாது, வாட்ஸப்ல வர்ற அந்தக் குட்டிக் கடிகாரம்தான். கடிகாரம்னா இன்னும் போகலைன்னு மலையில எழுபது வயசுப் பாட்டிக்கும் தெரியும். புதுசா எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

அதே மாதிரி, இ-பாஸை மலைப்பாதையில ஒருத்தர் சரிபார்க்கணும்னாலும் அதுக்கு ரியல்டைம் தேவைப்படாது. கியூஆர் கோடுக்குள்ளயே டிஜிட்டல் கையெழுத்து இருந்தா, பாக்குறவர் போன்ல பொதுச்சாவி ஒண்ணு இருந்தாப் போதும். நெட்டே இல்லாம இது அசல் பாஸ்தானான்னு பாத்துரலாம். மழையில, பனியில, பின்னாடி நாப்பது கார் ஹாரன் அடிக்கிறப்ப லோடிங் சக்கரம் சுத்துறதைப் பாத்துட்டு நிக்க வேண்டாம்.

இப்ப காசு. கூகுள்ல நூறு கட்டுரை இருக்கும், நான் ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்றேன். 'இன்னும் எத்தனை பாஸ் இருக்கு'ன்னு காட்டுற ஒரு சின்ன போர்டை 500 போன் திறந்து வெச்சிருக்குன்னு வைங்க. நாளைக்கு 6000 தடவை எண் மாறும். ஃபயர்ஸ்டோர்ல ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ரீட். 500 பெருக்கல் 6000, அதாவது முப்பது லட்சம். இலவசம் நாளைக்கு 50,000. பழைய ரியல்டைம் டேட்டாபேஸ்ல இலவசத் திட்டத்துக்கு ஒரே நேரத்துல 100 கனெக்ஷன்தான், 101-ஆவது ஆளுக்குக் கதவு சாத்தியிருக்கும். சீசன்லதான் சாத்தும், அதுதான் கொடுமை. காசு கட்டுற திட்டத்துக்குப் போனா கதவு திறக்கும். அங்க பட்ஜெட் அலர்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அது மெயில் அனுப்பும், தானா எதையும் நிறுத்தாது. எட்டு குடும்பத்துல யாரோ ஒருத்தர் கார்டை அதுல போட்டுட்டு சீசன்ல நிம்மதியாத் தூங்குவாங்களா?

அதுக்காக சர்வர்லெஸ் ஆட்கள் சொல்றதையும் அப்படியே நம்பிடக்கூடாது. நியான் 2021-ல ஆரம்பிச்ச கம்பெனி, 2025-ல டேட்டாபிரிக்ஸ் வாங்கிருச்சு. அஞ்சு நிமிஷம் யாரும் கேக்கலைன்னா தூங்கிடும், கேட்டா ஒரு நொடிக்குள்ள முழிச்சுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு வாரம் ஒரு ஈ காக்கா வராத கொடைக்கானலுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் இல்ல. ஆனா நம்ம பையன் ஆர்வத்துல போர்டைப் புதுப்பிக்க நிமிஷத்துக்கு ஒரு க்வெரி வெச்சான்னா, அது கண்ணே மூடாது. 24 மணி நேரமும் மீட்டர் ஓடும். தூங்குறதுக்குன்னு வாங்கின சாமானைத் தட்டித் தட்டி எழுப்பிட்டே இருக்கற கதை. நான் சொன்ன வழி, யாராச்சும் புக் பண்ணும்போது மட்டும் ஒரு சின்ன ஜேசான் ஃபைலை எழுதி சிடிஎன்ல போட்டுரு. போர்டு பாக்குற ஆயிரம் பேரும் அந்த ஃபைலைத்தான் படிப்பாங்க. டேட்டாபேஸ் தூங்கட்டும். நிமிஷக் கணக்குல பழசா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது, புக் பண்ற நொடியில மட்டும் உண்மை தெரிஞ்சாப் போதும்.

இன்னொண்ணு, சர்வர்லெஸ் ஃபங்ஷன் ஒவ்வொண்ணும் தனித்தனியா கனெக்ஷன் திறக்கும். போஸ்ட்கிரஸ்ல ஒரு கனெக்ஷன்னா ஒரு முழு ப்ராசஸ், வழக்கமான உச்சவரம்பு 100. நடுவுல பூலர் வெக்காம விட்டா கூட்டம் வர்ற அன்னிக்கே மூச்சு முட்டும். வெச்சுட்டா மறந்துரலாம்.

"ரெண்டும் ஒண்ணா வேணும்னா சுபாபேஸ் இருக்கே"ன்னு சில பேர் கிளம்பியிருப்பீங்க. கீழ போஸ்ட்கிரஸ், மேல ரியல்டைம், எனக்கும் பிடிச்ச சாமான்தான். ஆனா அதோட இலவசத் திட்டத்துல ஒரு வாரம் யாரும் தொடலைன்னா ப்ராஜெக்டையே நிறுத்தி வெச்சிருவாங்க. டேஷ்போர்டுக்குப் போய் ஒருத்தர் கையால திரும்ப எழுப்பணும். மழைக்காலத்துல ரெண்டு வாரம் கழிச்சு வர்ற முதல் போன் அழைப்புக்கு அக்கா ஆப்பைத் திறந்தா ஆப் செத்துக் கிடக்கும். காசு கட்டுனா இந்தத் தொல்லை இல்ல. எட்டு வீடும் காசு கட்டத் தயாராகுற அன்னிக்கு அதைப் பாத்துக்கலாம்.

கடைசியா, எனக்கு இதுதான் முக்கியம். எதை எடுத்தாலும் அது ஒருநாள் மூடப்படும்னு நினைச்சே எடுக்கணும். பார்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஃபயர்பேஸுக்கு அண்ணன் மாதிரி. ஃபேஸ்புக் 2013-ல வாங்கி, 2016 ஜனவரியில மூடப்போறோம்னு சொல்லி, 2017 ஜனவரியில மூடிருச்சு. பிளானட்ஸ்கேல் 2024-ல இலவசத் திட்டத்தை எடுத்துருச்சு. சர்வர்லெஸ் டேட்டாபேஸ்னே பேரெடுத்த ஃபானா 2025 மே மாசத்தோட சேவையை நிறுத்திருச்சு. மாங்கோடிபியோட டிவைஸ் சிங்க், ஆஃப்லைன் ஆப்புக்கு எல்லாரும் கைகாட்டின சாமான், 2025 செப்டம்பரோட சரி. இதுல யாரும் கெட்டவங்க இல்ல, வியாபாரம். போஸ்ட்கிரஸ்ல இருந்தா ஒரு டம்ப் எடுத்துட்டு அடுத்த கடைக்குப் போயிரலாம், சாயங்காலத்துக்குள்ள வேலை முடியும். ஃபயர்பேஸ்ல இருந்து டேட்டாவை ஜேசானா எடுத்துட்டு வந்துரலாம். ரூல்ஸ், லிசனர், ஆப் முழுக்கப் பரவியிருக்கற அவங்க எஸ்டிகே எல்லாத்தையும் திரும்ப எழுதணும்.

எங்க ஊர் மேட்டுல ஒரு சூரிய அப்சர்வேட்டரி இருக்கு. 1899-ல ஆரம்பிச்சது. 1909-ல ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளியில வாயு வெளிய ஓடுறதைக் கண்டுபிடிச்சது அங்கதான். அங்க 1904-ல இருந்து சூரியனைப் படம் பிடிச்ச கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம்களையும் பத்திரமா வெச்சிருந்து, ஸ்கேன் பண்ணி, ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க. நூறு வருஷம் முந்தின சூரியனை இன்னிக்கு எவனும் எந்த கம்பெனிகிட்டயும் கெஞ்சாம பாக்கலாம். எட்டு வீட்டு ரூம் புக்கிங் அவ்ளோ பெரிய சரித்திரம் இல்லதான். ஆனா எந்த மாசம் எத்தனை பேர் வந்தாங்க, யார் திரும்பி வந்தாங்கங்கறது அந்தக் குடும்பங்களோட சொத்து. பையன் பெங்களூர் போன பிறகும் அது அவங்க கையில இருக்கணும்.

"அப்ப ஃபயர்பேஸே வேணாமாண்ணே?" குரல்ல ஏமாத்தம் தெரிஞ்சுது. ட்யூட்டோரியல் பாதி பாத்திருப்பான் போல.

வேணும்டா தம்பி. புக்கிங் விழுந்ததும் அக்கா போன் மணி அடிக்கணும்ல, அதுக்கு ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் வெச்சுக்கோன்னேன். அதுக்குக் காசும் கிடையாது. நாளைக்கு விருந்தாளியும் வீட்டுக்காரங்களும் பேசிக்க அரட்டை வேணும்னா, அதையும் அங்கயே போடு. அது அதுக்குன்னே பொறந்தது.

இப்ப ஆப் அரைவாசி ஓடுது. மூணு வீட்டுல சோதிச்சுப் பாக்குறாங்க. ஒரே ரூமுக்கு ரெண்டு பேர் மோதினா போஸ்ட்கிரஸ் 23பி01-னு ஒரு எரர் கோட் துப்பும். அதைப் பையன் அழகா மொழிபெயர்த்து, 'தேர்ந்தெடுத்த தேதிகளில் முரண்பாடு உள்ளது'ன்னு போட்டிருந்தான். அந்த அக்கா போன் போட்டு, "எனக்கு யாரு கூட தம்பி முரண்பாடு?"ன்னு கேட்டாங்களாம். இப்ப 'இந்த ரூம் இப்பத்தான் போயிருச்சு, பக்கத்து வீட்டுல பாக்கட்டுமா?'ன்னு மாத்தியிருக்கான். 'பாக்கட்டுமா'வா, 'பார்க்கவா'வா, இல்ல இதைவிட நல்லதா ஏதாச்சும் இருக்கான்னு எட்டு வீட்டுலயும் விவாதம் ஓடிட்டு இருக்கு. தமிழ்ல நம்மள்ல புலிகள் நிறையப் பேர் இருக்கீங்க, பின்னூட்டத்துல சொல்லுங்க. பதினைஞ்சு வார்த்தைக்குள்ள இருக்கணும், பட்டன்ல இடம் இல்ல.